வடக்கு மடை

புதுவயலுக்குத் தெற்கே,
அரிசி ஆலைச் சாம்பல் காற்றோடு வந்து
கொடியில் காயும் வேட்டியில் படியும் ஊர்.
ஊருணி இரண்டு.
ஒன்றில் கால் நனைத்தால் அபராதம்.
மற்றதில் கால் நனைக்காத பிள்ளை
பிள்ளையே இல்லை.

நான் இரண்டாவதற்குப் பொறுப்பு.
ஊராட்சி கொடுத்த பெட்டியில் குப்பிகள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மடித்த காகிதம்.
கோடுவரை நீர் எடு. மூடு. சூட்டில் வை.
நிறம் மாறாவிட்டால் குளிக்கலாம்.
கருத்துப்போனால்
எவர் வீட்டுக் கழிப்பறையோ
தண்ணீரில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

சூட்டுக்கு எங்கே போக?
ஐப்பசி அடைமழை, மூன்று நாளாய் மின்சாரமில்லை.
பயிற்சியில் ஒரு வார்த்தை சொன்னார்கள்,
உடம்புச் சூடு போதுமென்று.
பழைய துண்டைக் கிழித்துப் பட்டை தைத்து
மூன்று குப்பிகளை வயிற்றோடு கட்டிப் படுத்தேன்:
தெற்குப் படித்துறை, நடுத்தண்ணீர், வடக்கு மடை.
புரண்டால் உடையும் என்று மல்லாந்தே கிடந்தேன்
ஒன்பது மாதக்காரி போல.
இவர் சிரித்தார்:
"ஊருணிக்கு எப்ப வளைகாப்பு?"

விடிந்ததும் சன்னலுக்குப் பிடித்துப் பார்த்தேன்.
தெற்கு, சந்தனம் கரைத்தது போல.
நடு, கொஞ்சம் மங்கல்.
வடக்கு, சட்டியின் அடிக் கரி.

தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது.
செம்புறாங்கல் படி ஆறும் எண்ணலாம்,
அடியில் கிடந்த சோடா மூடியும் தெரிந்தது.
அதுதான் வினை. தெரியாததை
யாருக்குக் காட்டி நம்பவைப்பது?

பலகை எழுதி நட்டேன்:
மழை விட்டு மூன்று நாள் நீந்த வேண்டாம்.
சாயங்காலம் பலகை
ஊருணி நடுவே மிதந்தது.
அதன்மேல் குப்புறப் படுத்து, கையே துடுப்பாக
சேவுகன் வந்துகொண்டிருந்தான்,
சீழ் வடியும் காதில் பஞ்சோடு.
அவன் தாடைக்குக் கீழே "வேண்டாம்" மட்டும் தெரிந்தது.

மறுநாள் மழை வெறித்தது. பத்து ரூபாய்க்குச் சொட்டு நீலம் வாங்கினேன்.
வரத்துக்கால் ஓரத்து வீடுகள் பதினொன்று.
ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒரு மூடி நீலம்,
இரண்டு வாளித் தண்ணீர்,
பிறகு ஓடிவந்து மடையில் குந்திக் காத்திருப்பது.
என் சந்தேகமெல்லாம் விடுதியாகிப்போன பெரிய வீட்டின்மேல்.
அங்கே மேலாளர் மூன்றறைத் தொட்டியைத் திறந்து காட்டி
லாரிக்காரன் ரசீதையும் நீட்டினார்.
நீலம் வரவில்லை.
உமையாள் ஆச்சி வீடு, வரவில்லை.
தையல்கடை வெள்ளையன் வீடு, வரவில்லை;
அவன் சம்சாரம் மட்டும்
இனி என்னோடு பேசமாட்டேன் என்றாள்.

கடைசியாக, கணக்குக்கு, எங்கள் வீடு.

உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை.
மடைவாயில் நூல் நூலாய் நீலம் இறங்கி
மயில் கழுத்துப் போல விரிந்தது.
அவ்வளவு அழகாய் இருக்கும் என்று
எதிர்பார்க்கவில்லை.

"கொத்தனார்தான் சொன்னாரு,
குழி ரொம்பாம இருக்கணும்னா
காலுக்கு ஒரு குழாய் விட்டுருவோம்னு."
இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.
எத்தனை ராத்திரி
எங்கள் வீட்டையே வயிற்றில் கட்டிக்கொண்டு
அசையாமல் படுத்திருந்திருக்கிறேன்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
எங்கள் கதவு எண்ணை எழுதினேன்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது குழிக்கு மண்ணெடுக்க எட்டு நாள்.
இவர் வெட்ட, நான் கூடை தூக்க,
வெள்ளையன் சம்சாரம்
வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தாள்.

கார்த்திகையில் மறுபடி மூன்று குப்பி.
தெற்கு சந்தனம். நடு சந்தனம்.
வடக்கு கரியில்லை, சந்தனமும் இல்லை,
ஆலைச் சாம்பல் நிறம்.
வாத்தாக இருக்கலாம். மாடாக இருக்கலாம்.
குழாய்க்குள் மிச்சமிருக்கும் நாங்களாகவும் இருக்கலாம்.

படித்துறையில் ஏழெட்டுப் பேர்
சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.
அதிசயம், ஒருத்தனும் இறங்கவில்லை.
"அக்கா, என்ன நெறம்?" என்று கேட்கிறான் சேவுகன்.

குப்பியை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி இடுப்பில் செருகுகிறேன்.
இன்னும் ஒரு ராத்திரி இருக்கட்டும்டா.